விசாவை வேண்டாம் என்ற வால்மார்ட்: கனடாவில் நடந்த ஒரு கட்டணப் பேரம்

2016 ஜூன் 11 அன்று வால்மார்ட்டின் கனடா நிறுவனம் ஓர் அறிவிப்பை வெளியிட்டது. தன் கடைகளில் விசா அட்டைகளை இனி வாங்கப் போவதில்லை. ஜூலை 18 முதல் ஒன்டாரியோ மாகாணத்தின் தண்டர் பே நகரில் இது தொடங்கும். பிறகு படிப்படியாக நாடு முழுக்கப் பரவும். ஒவ்வொரு அட்டை விற்பனைக்கும் விசா கேட்கும் கட்டணம் மிக அதிகம், பேசிப் பார்த்தும் இறங்கி வரவில்லை என்பதுதான் சொல்லப்பட்ட காரணம். எல்லா அட்டைகளுக்குமாக ஆண்டுக்கு 10 கோடி கனடா டாலருக்கு மேல் கட்டணம் கட்டுவதாகவும் வால்மார்ட் சொன்னது.

2017 ஜனவரி தொடக்கத்தில் சண்டை முடிந்தது. எல்லாக் கடைகளிலும் விசா மறுபடி செல்லும் என்று அறிவித்தார்கள். எந்த விலைக்கு முடிந்தது என்பதை மட்டும் இரு தரப்பும் வெளியிடவில்லை.

அட்டை நிறுவனங்களோடு நடக்கும் கட்டணப் பேரம் பெரும்பாலும் மூடிய அறைக்குள்ளேயே நடந்து முடிந்துவிடும். இந்த ஒன்று தெருவுக்கு வந்தது. யார் எதை முன்வைத்தார்கள், எது பலித்தது, எது பலிக்கவில்லை என்பதைப் பெருமளவு வெளியிலிருந்தே பார்க்க முடிகிறது. கட்டணத்தைக் குறைக்கச் சொல்லிக் கேட்க நினைக்கும் எந்தக் கடைக்காரரும் இதை ஒருமுறை படித்துவிட்டுப் போவது நல்லது. எதைக் கேட்டால் கிடைக்கும், எதை எப்படிக் கேட்டாலும் கிடைக்காது என்பது இதில் தெளிவாகத் தெரிகிறது.

பணம் யாருக்குப் போகிறது

முதலில் கட்டணத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். கடையில் ஒருவர் 100 டாலருக்கு அட்டையில் பொருள் வாங்கினால் கடைக்காரர் கையில் முழு 100 வராது. பிடிக்கப்படும் தொகையில் மூன்று பங்கு உண்டு. பெரிய பங்கு இன்டர்சேஞ்ச். அது வாடிக்கையாளருக்கு அட்டை கொடுத்த வங்கிக்குப் போகிறது. இரண்டாவது, விசா, மாஸ்டர்கார்டு போன்ற வலையமைப்பு தனக்கென்று எடுத்துக்கொள்ளும் சிறிய கட்டணம். மூன்றாவது, கடைக்கு மெஷின் கொடுத்து, பணத்தைக் கணக்கில் சேர்க்கும் பிராசஸர் நிறுவனத்தின் லாபம்.

இன்டர்சேஞ்ச் விகிதத்தை நிர்ணயிப்பது விசா, அதை வாங்கிக்கொள்வது வங்கி. தன் பைக்கு வராத பணத்தை விசா ஏன் உயரத்திலேயே வைத்திருக்கிறது என்று கேட்கத் தோன்றும். விசாவும் மாஸ்டர்கார்டும் போட்டி போடுவது வங்கிகளைப் பிடிக்கத்தான். எந்த வலையமைப்பு வங்கிக்கு அதிக இன்டர்சேஞ்ச் வாங்கித் தருகிறதோ, அதன் பெயரில் வங்கி நிறைய அட்டை கொடுக்கும். மற்ற வணிகங்களில் போட்டி விலையை இறக்கும். இங்கே போட்டி விலையை ஏற்றுகிறது. கடைக்காரர்களின் கோபம் நியாயமானது என்று நான் நம்புவதற்கு இதுவே முதல் காரணம்.

அந்தப் பணத்தில் ஒரு பகுதி வாடிக்கையாளருக்கே பாயின்ட்டாகத் திரும்புகிறது. கனடாவில் டிடி, சிஐபிசி வங்கிகளின் விசா அட்டையில், விமானப் பயணத்துக்குப் பயன்படும் ஏரோபிளான் பாயின்ட் சேர்ப்பவர்கள் ஏராளம். உயர்ரக அட்டை என்றால் பாயின்ட் கூடுதல், கடைக்காரர் தரும் இன்டர்சேஞ்சும் கூடுதல். பொருளின் விலையோ எல்லோருக்கும் ஒன்றுதான். அதனால் ரொக்கம் கொடுத்துப் பால் வாங்குகிறவரும் இன்னொருவரின் விமானப் பாயின்ட்டுக்கு ஒரு சிறு தொகை கொடுத்துக்கொண்டிருக்கிறார். பண வசதி குறைந்தவர் தலையில் விழும் இந்தச் செலவு ரசீதில் எங்கேயும் தெரியாது.

சரி, உயர்ரக அட்டையை மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடலாமே? முடியாது. விசாவின் ஒரு கிரெடிட் கார்டை வாங்கும் கடை, விசாவின் எல்லா கிரெடிட் கார்டையும் வாங்கியாக வேண்டும் என்பது வலையமைப்பின் விதி. கனடாவின் போட்டித்துறை ஆணையர் இந்த விதியையும், அட்டைக்குக் கூடுதல் பணம் வாங்கக் கூடாது என்ற விதியையும் எதிர்த்து 2010-ல் வழக்குத் தொடுத்தார். 2013-ல் போட்டித் தீர்ப்பாயம் அதைத் தள்ளுபடி செய்தது. எனவே 2016-ல் வால்மார்ட்டுக்கு இருந்தது இரண்டே வழி: எல்லா விசாவையும் வாங்குவது, அல்லது எதையும் வாங்காமல் விடுவது.

ஏன் தண்டர் பே

தண்டர் பே, சுப்பீரியர் ஏரியின் வடமேற்குக் கரையில் சுமார் 1,10,000 பேர் வாழும் நகரம். வேறொரு பெரிய நகரத்துக்குப் போக வேண்டுமானால் மேற்கே வினிப்பெக் சுமார் 700 கிலோமீட்டர். டொராண்டோ இன்னும் தூரம். இந்த ஊரை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்று வால்மார்ட் விளக்கியதாகத் தெரியவில்லை. வரைபடத்தைப் பார்த்தால் எனக்குத் தோன்றுவது இது: சுற்றிலும் வேறு ஊர்களின் கலப்பு இல்லாத சந்தை. விசாவை நிறுத்தினால் எத்தனை பேர் வேறு அட்டை எடுக்கிறார்கள், எத்தனை பேர் வேறு கடைக்குப் போகிறார்கள் என்று சுத்தமாக அளந்து பார்க்கலாம். நஷ்டம் வந்தாலும் நாடு முழுக்க இருந்த ஏறக்குறைய 400 கடைகளில் அது பெரிதாகத் தெரியாது.

மிரட்டலை இப்படித் துண்டு துண்டாக வைத்ததுதான் இந்தப் பேரத்தின் மிகக் கெட்டிக்காரத்தனமான பகுதி. நாடு முழுக்க ஒரே நாளில் விசாவை நிறுத்துவோம் என்றால் எதிராளி நம்ப மாட்டான். அத்தனை விற்பனையைப் பணயம் வைக்க மாட்டார்கள் என்று காத்திருப்பான். ஒரு சிறு ஊரில் சொன்னபடி நிறுத்திக் காட்டினால், அடுத்த ஊரிலும் நிறுத்துவார்கள் என்று நம்பியே ஆக வேண்டும். ஜூலை 18 அன்று தண்டர் பேயில் சொன்னபடி நிறுத்தினார்கள். அக்டோபர் 24 அன்று பக்கத்து மாகாணமான மானிடோபாவின் 16 கடைகளிலும் நிறுத்தினார்கள்.

தேதியையும் கவனிக்க வேண்டும். அக்டோபர் கடைசியில் மானிடோபா என்றால் கிறிஸ்துமஸ் வியாபாரம் முழுவதும் விசா இல்லாமல் ஓடும். ஆண்டின் மிகப் பெரிய விற்பனைக் காலத்தில் வலியை இருவருமே தாங்க வேண்டியிருந்தது. பண்டிகை முடிந்து சில நாட்களிலேயே சமாதான அறிவிப்பு வந்தது. அளந்து பார்க்க வேண்டியதை இரு தரப்பும் அளந்து முடித்திருப்பார்கள்.

இரு தரப்பின் கையிலும் இருந்தவை

வால்மார்ட்டின் கையில் மாற்று வழி இருந்தது. வங்கிக் கணக்கிலிருந்து நேரடியாகப் பணம் போகும் இன்டராக் டெபிட் கனடாவில் எல்லோரிடமும் உண்டு. அதில் கடைக்காரர் தருவது சதவீதக் கணக்கில் இல்லை, ஒரு பரிவர்த்தனைக்குச் சில சென்ட்கள்தான். மாஸ்டர்கார்டும் செல்லும். அதைவிட முக்கியமானது, அப்போது வால்மார்ட்டுக்குக் கனடாவில் சொந்தமாக ஒரு வங்கியே இருந்தது. அந்த வங்கி மாஸ்டர்கார்டு பெயரில் வால்மார்ட் அட்டை கொடுத்துவந்தது. விசா வைத்திருந்த வாடிக்கையாளர் ஒருவர் அலுத்துப்போய் வால்மார்ட் அட்டைக்கு மாறினால், வெளியே போய்க்கொண்டிருந்த இன்டர்சேஞ்ச் பணம் வால்மார்ட்டின் சொந்த வங்கிக்கே வரும். பேரம் தோற்றாலும் இந்த வகையில் கொஞ்சம் லாபம்தான்.

விசாவின் கையில் மக்களின் பழக்கம் இருந்தது. கனடாவின் பெரிய வங்கிகள் பலவும் விசா கொடுப்பவை. அட்டையை மாற்றுவதைவிடக் கடையை மாற்றுவது எளிது என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். விசா அதையே பிடித்துக்கொண்டது. உள்ளூர்ப் பத்திரிகைகளில் மக்களுக்குத் திறந்த கடிதம் வெளியிட்டது: நாட்டிலேயே மிகக் குறைந்த விகிதங்களில் ஒன்றை வால்மார்ட்டுக்குத் தர முன்வந்தோம், ஆனால் அவர்கள் உள்ளூர் மளிகைக் கடை, மருந்துக் கடை, பள்ளி, அறக்கட்டளை எல்லாரும் கொடுப்பதைவிட மிகக் குறைவாகக் கேட்கிறார்கள் என்பது அதன் சாரம்.

அந்தக் கடிதத்தில் விசாவுக்குத் தெரியாமலேயே ஓர் உண்மை வெளிவந்துவிட்டது என்று நினைக்கிறேன். எல்லோருக்கும் ஒரே விலை இல்லை, பெரியவர்களுக்குத் தனி விலை உண்டு என்பதை விசாவே அச்சில் சொல்லிவிட்டது. வால்மார்ட் கேட்டது பேராசை என்று வைத்துக்கொண்டாலும், தெருமுனை மளிகைக் கடை ஏற்கெனவே அதிகம் கொடுத்துக்கொண்டிருக்கிறது என்பதுதான் அந்த வாதத்தின் மறுபக்கம். சிறிய கடைக்காரரைக் கேடயமாக முன்னால் நிறுத்தினார்கள். அவருக்கு அதனால் ஒரு சென்ட்கூடக் குறையவில்லை.

நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் தண்டர் பே, மானிடோபா மக்கள். விசா மட்டுமே வைத்திருந்தவர்கள் டெபிட்டில் கொடுக்க வேண்டும், ரொக்கம் எடுக்க வேண்டும், அல்லது புது அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். சம்பளம் வரும்வரை கிரெடிட் கார்டில் சமாளிக்கும் குடும்பத்துக்கு டெபிட் ஒரு மாற்றே இல்லை. மலிவான கடை அதுதான் என்பதால் விட்டுவிட்டு வேறு இடம் போகவும் முடியாது. இரு நிறுவனங்களும் வாடிக்கையாளர் நலன் பற்றி மாறி மாறிப் பேசின. அந்த மாதங்களில் அசௌகரியம் முழுவதையும் சுமந்தவர் வாடிக்கையாளர்தான்.

இதே பேரம் வேறு கைகளில்

உறுப்பினர்களுக்கு மட்டும் விற்கும் பெருங்கடை நிறுவனமான காஸ்ட்கோ கையாண்டது வேறு முறை. உன்னை வாங்க மாட்டேன் என்று அது மிரட்டவில்லை. ஒரே ஒரு வலையமைப்பைத்தான் வாங்குவேன், யார் நல்ல விலை தருகிறீர்கள் என்று கேட்டது. கனடாவில் அமெரிக்கன் எக்ஸ்பிரஸோடு இருந்த உறவை 2014 முடிவில் நிறுத்திவிட்டு மாஸ்டர்கார்டுக்குப் போனது. அமெரிக்காவில் 2016 ஜூன் 20 முதல் சிட்டி வங்கியின் விசாவுக்கு மாறியது. அமெரிக்காவிலும் இந்த உறவு முறியப்போகிறது என்ற செய்தி 2015 பிப்ரவரியில் வந்தபோது அமெரிக்கன் எக்ஸ்பிரஸின் பங்கு விலை ஒரே நாளில் கடுமையாகச் சரிந்தது. அந்த நிறுவனம் கொடுத்திருந்த அட்டைகளில் பத்தில் ஒன்று காஸ்ட்கோ அட்டை. என் பார்வையில் காஸ்ட்கோவின் வழி வால்மார்ட்டின் வழியைவிட வலுவானது. விற்பனை முழுவதும் உனக்கே என்று சொல்லும்போது எதிராளிகள் தங்களுக்குள் ஏலம் கேட்கிறார்கள். ஆனால் உறுப்பினர் அட்டை வாங்கிக்கொண்டு, விரும்பி வரும் வாடிக்கையாளர்கள் இருந்தால்தான் அது நடக்கும்.

அமேசான் பிரிட்டனில் முயன்றது. ஐரோப்பிய ஒன்றியம் 2015-ல் கிரெடிட் கார்டு இன்டர்சேஞ்சுக்கு 0.3 சதவீதம் என்று உச்சவரம்பு வைத்திருந்தது. பிரிட்டன் வெளியேறிய பிறகு, பிரிட்டனுக்கும் ஐரோப்பாவுக்கும் இடையிலான இணையப் பரிவர்த்தனைகளுக்கு அந்த வரம்பு பொருந்தாமல் போனது. 2021 அக்டோபரில் விசா அவற்றுக்கான கிரெடிட் கார்டு இன்டர்சேஞ்சை 1.5 சதவீதமாக உயர்த்தியது. அடுத்த மாதம் 17-ஆம் தேதி அமேசான், 2022 ஜனவரி 19 முதல் பிரிட்டனில் வழங்கப்பட்ட விசா கிரெடிட் கார்டுகளை வாங்க மாட்டோம் என்றது. வேறு அட்டைக்கு மாறினால் 20 பவுண்டு தருவதாகவும் பிரைம் உறுப்பினர்களை அழைத்தது. சிங்கப்பூரிலும் ஆஸ்திரேலியாவிலும் விசா கிரெடிட் கார்டுக்கு 0.5 சதவீதம் கூடுதல் கட்டணமும் வாங்கியது. கெடு தேதிக்கு இரண்டு நாள் முன்பு அமேசான் தன் முடிவை நிறுத்திவைத்தது. பிப்ரவரியில் உலகளாவிய உடன்பாடு என்று அறிவித்தார்கள். அங்கும் விலை வெளியே வரவில்லை.

இந்த மூன்றிலும் நான் திரும்பத் திரும்பப் பார்க்கும் குறை இதுதான்: ரகசியம். உடன்பாடு ரகசியமாக இருப்பதால் பெரிய நிறுவனம் வென்றெடுத்த குறைவான விலை மற்றவர்களுக்கு முன்னுதாரணமாக ஆவதில்லை. வால்மார்ட்டுக்கு இந்த விலை கொடுத்தாயே, எனக்கும் கொடு என்று யாராலும் கேட்க முடியாது.

சிறிய கடைக்குக் கிடைத்தது எப்படி

டொராண்டோ பக்கம் ஸ்கார்பரோவிலோ மார்க்கமிலோ மளிகைக் கடையோ சிற்றுண்டிக் கடையோ நடத்தும் தமிழர் ஒருவர், விசாவை நிறுத்துவேன் என்று சொன்னால் விசாவுக்குத் தெரியக்கூடப் போவதில்லை. வாடிக்கையாளர் அடுத்த பிளாசாவுக்குப் போய்விடுவார். அவர் போன்றவர்களுக்கு இன்டர்சேஞ்ச் குறைந்தது, கடைக்காரர் சங்கங்கள் ஆண்டுக்கணக்கில் அழுத்தம் கொடுத்து, அரசாங்கம் சட்டம் வரும் என்று கோடிகாட்டி, நிறுவனங்கள் தாமாகவே உறுதிமொழி கொடுத்த வழியில்தான்.

அது மூன்று கட்டமாக வந்தது. 2014 நவம்பரில் விசாவும் மாஸ்டர்கார்டும் சராசரி இன்டர்சேஞ்சை 1.5 சதவீதத்துக்குக் குறைப்பதாக ஒப்புக்கொண்டன. 2015 ஏப்ரலில் அது நடைமுறைக்கு வந்தது. சராசரி என்ற சொல்லில்தான் சிக்கல். பெரிய கடை அதற்குக் கீழே கொடுக்கும், சிறிய கடை மேலே கொடுக்கும், சராசரி மட்டும் சரியாக இருக்கும். வால்மார்ட் சண்டை நடந்ததே இந்த உறுதிமொழி நடைமுறையில் இருந்த காலத்தில்தான். 2018-ல் அடுத்த உறுதிமொழி: சராசரி 1.4 சதவீதம், பெரிய கடைக்கும் சிறிய கடைக்கும் உள்ள இடைவெளியையும் குறைப்பது. இது 2020-ல் அமலானது.

மூன்றாவதுதான் சிறிய கடைகளுக்கென்றே வந்தது. 2023 மே மாதம் அறிவித்து, 2024 அக்டோபர் 19 முதல் நடைமுறை. ஆண்டுக்கு விசா வழியாக 3,00,000 டாலருக்குக் குறைவாக விற்கும் கடைகளுக்கு, நேரில் நடக்கும் பரிவர்த்தனைகளில் சராசரி 0.95 சதவீதம். மாஸ்டர்கார்டுக்கு அந்த வரம்பு 1,75,000 டாலர். சில கடைகளுக்கு நான்கில் ஒரு பங்குக்கும் மேலான குறைப்பு இது.

வரம்பைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் ஒரு நெருடல் தெரியும். 3,00,000 டாலர் என்பது மாதம் 25,000 டாலர். வார இறுதியில் கூட்டம் மொய்க்கும் ஒரு நடுத்தர மளிகைக் கடை விசாவில் மட்டும் இதை எளிதில் தாண்டும். விற்பனை பெரிது, லாபம் மெலிது என்று ஓடும் கடை அது. சலுகைக்கு அது பெரிய கடை, விசாவோடு பேரம் பேச அது சிறிய கடை. இந்த நடுத்தரக் கடைகளை அடுத்த சுற்றிலாவது சேர்க்க வேண்டும் என்று சங்கங்கள் வலியுறுத்துவது அவசியம்.

2022 அக்டோபர் முதல் இன்னொரு வழியும் திறந்தது. கடைக்காரர்கள் தொடுத்த கூட்டு வழக்கின் சமரசத்தால், கியூபெக் தவிர்த்த மாகாணங்களில் கிரெடிட் கார்டுக்கு 2.4 சதவீதம் வரை கூடுதல் கட்டணம் வாங்க அனுமதி கிடைத்தது. தீர்ப்பாயத்தில் தோற்ற கோரிக்கைகளில் ஒன்று சமரசத்தில் கிடைத்தது. ஆனால் பக்கத்துக் கடை வாங்காதபோது நான் மட்டும் வாங்கினால் வாடிக்கையாளர் முகம் சுளிப்பார் என்ற பயம் இருக்கிறது. அந்தப் பயம் நியாயமானதும்கூட.

இன்று ஒரு கடைக்காரர் எதைப் பேசலாம்

விசாவிடம் பேச முடியாவிட்டாலும் மூன்றாவது பங்கு, அதாவது பிராசஸரின் லாபம், பேசக்கூடியது. அங்கே போட்டி உண்மையான போட்டி. பிராசஸர்கள் கடைகளைப் பிடிக்கத்தான் அலைகிறார்கள். வால்மார்ட் தண்டர் பேயில் செய்ததன் சாரம் இந்த இடத்தில் சிறிய கடைக்கும் பொருந்தும்: பேசுவதற்கு முன்பே போவதற்கு வேறு இடம் இருக்க வேண்டும். இன்னொரு பிராசஸரிடம் எழுத்தில் விலை வாங்கிக்கொண்டு, அப்புறம் பழையவரிடம் பேசினால் பதில் வேறு மாதிரி வரும்.

எழுத்தில் வாங்கும் விலையில் இன்டர்சேஞ்ச் தனியாகவும் பிராசஸரின் லாபம் தனியாகவும் காட்டப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எல்லாவற்றையும் சேர்த்து ஒரே சதவீதமாகச் சொல்லும் ஒப்பந்தம் படிக்க எளிது, ஆனால் இன்டர்சேஞ்ச் குறைந்தால் அந்தக் குறைவு யார் பையில் தங்குகிறது என்பது தெரியாது. மெஷின் வாடகை ஒப்பந்தத்தையும் சேர்த்தே படிக்க வேண்டும். அட்டைச் சேவை ஒப்பந்தம் முடிந்தாலும் வாடகை ஒப்பந்தம் தனியே ஆண்டுக்கணக்கில் தொடரும்படி எழுதப்பட்டிருப்பது உண்டு.

2010-ல் கனடா அரசு கொண்டுவந்த அட்டைத் துறை நடத்தை நெறி இதில் துணை நிற்கிறது. கட்டணத்தை உயர்த்தினாலோ புதிதாக ஒன்றைச் சேர்த்தாலோ 90 நாள் முன்னதாகச் சொல்ல வேண்டும். அப்படிச் சொன்ன பிறகு அபராதம் இல்லாமல் விலகும் உரிமை கடைக்காரருக்கு உண்டு. வெளியிடப்பட்ட இன்டர்சேஞ்ச் விகிதம் குறைந்தும் அந்தக் குறைப்பைப் பிராசஸர் கடைக்குக் கடத்தாவிட்டாலும் அப்படியே விலகலாம். 2024 அக்டோபர் குறைப்புக்குத் தகுதி பெறும் கடைக்காரர், அந்த மாதத்துக்கு முந்தைய ஸ்டேட்மென்ட் ஒன்றையும் பிந்தையது ஒன்றையும் எடுத்து, மொத்தக் கட்டணத்தை மொத்த அட்டை விற்பனையால் வகுத்துப் பார்க்கலாம். இரண்டிலும் வரும் சதவீதம் ஒன்றாகவே இருந்தால் பிராசஸருக்குக் கடிதம் எழுத அந்த இரண்டு தாள்களே போதும்.